பனிநாட்டில் நாலு சக்கரம்

'பனி' என்ற சொல்லை நாம் மிகவும் தாராளமாகச் செலவழிக்கிறோம். மார்கழி விடியற்காலையில் கோலம் போட வாசலுக்கு வந்தால், "அப்பப்பா, என்ன பனி!" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக் கொள்கிறோம். புல் நுனியில் நிற்கும் நாலு துளி நீருக்கு இத்தனை மரியாதை! ஆஸ்திரியா தேசத்து மலைக் கிராமம் ஒன்றில், இரவு நிறுத்திய காரைக் காலையில் தேடிக்கொண்டு போனோம். அங்கே கார் எதுவும் இல்லை. வரிசையாக வெள்ளை மேடுகள்தான் இருந்தன. சாவியிலுள்ள பொத்தானை அமுக்கினோம். மூன்றாவது மேட்டுக்குள்ளிருந்து மஞ்சள் விளக்கு ஒன்று மங்கலாகக் கண் சிமிட்டிற்று. அன்றுதான் பனி என்ற சொல்லுக்கு எனக்குச் சரியான அர்த்தம் விளங்கிற்று.

ஊர் திரும்பியது முதல், பார்க்கிறவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "குழந்தையையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு, அந்தப் பனியில் நாமே கார் ஓட்டிக்கொண்டு போக முடியுமா?" முடியும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து போடுகிற திட்டந்தான் அதில் பாதிப் பிரயாணம். உங்களுக்கும் அந்த ஆசை இருந்தால், எங்கள் திட்டத்தையும் அதில் நாங்கள் செய்த பிசகையும் சேர்த்தே கேட்டுக் கொள்ளுங்கள்.

முதலில் சாப்பாட்டு மேஜைமேல் ஐரோப்பிய வரைபடத்தை விரித்தோம். என் கணவர் பென்சிலும் அளவுகோலுமாக உட்கார்ந்தார். "மியூனிக்கிலிருந்து ஸால்ஸ்பர்க் 145 கிலோமீட்டர். இங்கேயிருந்து விழுப்புரம் போகிற தூரங்கூட இல்லை!" என்றார். இந்த உற்சாகத்தில் வியன்னா, ஹால்ஸ்டாட், ஸூரிச் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது நாளில் ஏழு ஊர்!

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். "ஏண்டா, ஏழு ஊரைப் பார்க்கப் போறோமா? இல்லே, ஏழு ஊரில் பெட்டியைத் திறந்து மூடப் போறோமா?" என்றார்.

ஏழு ஊர் நாலாயிற்று. மியூனிக்கில் இறங்கி ஸால்ஸ்பர்க், இன்ஸ்பிரக், ஆர்ல்பெர்க் மலைப் பகுதி, மறுபடியும் மியூனிக். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஷெங்கன் நாடுகளானபடியால் ஒரே விசா போதும். முழு வட்டமும் 700 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

எப்போது போவது? இதில் இரண்டு ஆசைகள் ஒன்றோடொன்று மோதும். தெருவெல்லாம் விளக்கலங்காரமும் கிறிஸ்துமஸ் சந்தையும் பார்க்க வேண்டுமானால் நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரையில்தான் போக வேண்டும். அப்போது பள்ளத்தாக்குகளில் பனி விழுந்திருக்கும் என்பது நிச்சயமில்லை. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரையில் பனியும் இருக்கும், கூட்டமும் இருக்கும், அறை வாடகையும் மலையுச்சியில் இருக்கும். பிப்ரவரியில் உள்ளூர்ப் பள்ளிகளின் விடுமுறை. இவற்றுக்கு நடுவே, ஜனவரி 7 முதல் மாதக் கடைசி வரையில், ஊர் கொஞ்சம் மூச்சு விடுகிறது. வாடகையும் இறங்குகிறது. நம்முடைய பொங்கல் விடுமுறை சரியாக அந்த நாட்களில் வந்து விழுகிறது, பாருங்கள்! குழந்தைக்கு நாலு நாள் பள்ளிக்கூடம் போயிற்றே என்று மட்டும் மனத்தைத் தேற்றிக் கொள்ள வேண்டும்.

இன்னொரு ரகசியம். அந்த மலையூர்களில் தங்கும் விடுதிகளைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று வாரக் கணக்கில் விடுவது வழக்கம். ஆகையால் சனிக்கிழமைகளில் மலைப்பாதை முழுவதும் கார்கள் எறும்பு ஊர்வதைப் போல் ஊர்கின்றன. உங்கள் பிரயாண நாள் சனிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்திரியாவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பால், பழம், ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துக் கொள்வது நல்லது.

இனி, காகிதங்கள். நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அதை எடுக்கும்போது, பனிச்சறுக்கில் அடிபட்டாலும் பணம் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். சாதாரணக் காப்பீடு பலவற்றில் அது சேர்த்தியில்லை. சறுக்கு மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கிக் கொண்டுவந்தால் அதற்குக் கட்டணம் ஆயிரக்கணக்கான யூரோ.

காரை வாடகைக்கு எடுக்கும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். முதலாவது, குளிர்கால டயர். மூன்று சிகரங்களுள்ள மலைப் படத்துக்குள் ஒரு பனித்துகள் வரைந்த முத்திரை டயரின் பக்கவாட்டில் இருக்கும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரையில், சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருந்தால் இத்தகைய டயர் சட்டப்படி கட்டாயம். இரண்டாவது, டயரின்மேல் மாட்டும் இரும்புச் சங்கிலி. மூன்றாவது, எல்லை தாண்டிப் போக அனுமதி. ஜெர்மனியில் எடுத்த காரில் ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்குரிய சுங்கச் சீட்டு பெரும்பாலும் இருக்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும். குழந்தைக்கு இருக்கை வேண்டுமென்றும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்திரியாவில் 14 வயதுக்குள் 135 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், ஜெர்மனியில் 12 வயதுக்குள் 150 செ.மீ.க்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் தக்க இருக்கை அவசியம். எங்கள் பெண்ணுக்குப் பத்து வயது. "நான் என்ன பாப்பாவா?" என்று அவள் மியூனிக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாள். சட்டம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விமானத்திலிருந்து இறங்கிய அன்றே காரில் ஏறாதீர்கள். தூக்கமில்லாத கண்ணும் வழுக்குகிற சாலையும் ஒன்றுக்கொன்று ஆகாது. நாங்கள் முதல் நாளை மியூனிக்கில் டிராமிலும் பாதாள ரயிலிலும் சுற்றிக் கழித்தோம். மறுநாள் காலைதான் காரை வாங்கினோம். இதனால் ஒரு நாள் வாடகையும், நகரத்தில் கார் நிறுத்தும் கட்டணமும் மிச்சம்.

காரை வாங்கியதும், புறப்படுமுன் அங்கேயே காய்ந்த தரையில் சங்கிலியை ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். நாங்கள் பழகவில்லை. "அதற்கென்ன, படம் போட்ட காகிதம் இருக்கிறதே!" என்று பெட்டியோடு பின்னால் போட்டுக் கொண்டோம். இது எங்கள் முதல் பிசகு.

ஸால்ஸ்பர்க் என்றால் 'உப்புக் கோட்டை' என்று பொருள். பக்கத்து மலைகளில் வெட்டிய உப்பினால்தான் அந்த ஊர் செல்வத்தில் கொழித்தது. 1077-ல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் குன்றின்மேல் காவல் நிற்கிறது. கீழே ஒரு குறுகலான கடைத்தெருவில் ஒன்பதாம் எண் வீட்டில் 1756-ல் மோஸார்ட் பிறந்தார். பழைய நகரத்துக்குள் நடந்துதான் போக வேண்டும். காரை எங்கே விடுவது என்ற கவலை வேண்டாம். மோன்ஷ்பெர்க் குன்றைக் குடைந்து உள்ளேயே கார் நிறுத்துமிடம் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பனி கொட்டினாலும் கார்மேல் ஒரு துளி விழாது.

உப்பு அந்த ஊருக்குச் செல்வம் கொடுத்ததோடு நிற்கவில்லை. இப்போது சாலைக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. உப்புக் கலந்த நீர் சுலபத்தில் உறைவதில்லை. ஆகையால் விடியுமுன்பே வண்டிகள் வந்து பனியை ஒதுக்கி உப்பைத் தூவிவிட்டுப் போகின்றன. ஆனால் கடுங்குளிரில் உப்பின் ஜம்பம் சாய்வதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி என்று போய்விட்டால் அதன் வேலை மந்தமாகிறது. அங்கெல்லாம் பொடிக்கல்லைத் தூவுகிறார்கள். முன்னால் போகும் வண்டி அந்த உப்புச் சேற்றை உங்கள் கண்ணாடியில் வாரி இறைக்கும். கண்ணாடி கழுவும் நீரில் உறையாத மருந்து கலந்திருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது அதனால்தான்.

இங்கே ஒரு கால அட்டவணையை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். ஜனவரி மாதத்தில் அங்கே பொழுது விடிவதற்குக் காலை எட்டு மணியாகிறது. மாலை ஐந்து மணிக்குள் இருட்டி விடுகிறது. பகலில் உருகிய நீர் சாயங்காலம் மறுபடி உறைந்து, கண்ணுக்கே தெரியாத கண்ணாடித் தகடாகச் சாலையில் படிகிறது. பாலத்தின்மேலும் மர நிழலிலும் அது முந்திக்கொண்டு வரும். ஆகவே ஒன்பது மணிக்குமேல் புறப்பட்டு மூன்று மணிக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். "மூணு மணிக்கு மேலே இங்கே தினமும் ராகுகாலம்" என்று என் மாமியார் பெயர் வைத்தார். அன்று முதல் எங்கள் காரில் அதுவே சட்டமாயிற்று. ஒன்பதிலிருந்து மூன்று வரை ஆறு மணி நேரம். சாப்பாட்டுக்கும் வேடிக்கைக்கும் போக, ஓட்டுவதற்கு மூன்று மணிதான் மிஞ்சும். விழுப்புரக் கணக்கு அங்கே செல்லாது.

ஸால்ஸ்பர்க்கிலிருந்து இன்ஸ்பிரக்குக்கு நெடுஞ்சாலையிலேயே போகலாம். நாங்கள் கிட்ஸ்பியூல் வழியாக மலைப்பாதையில் போனோம். அந்த வழி நடுவில் சிறிது தூரம் ஜெர்மனிக்குள் புகுந்து வெளியே வருகிறது. கிட்ஸ்பியூல் ஊரில் 1931 முதல் நடந்துவரும் பனிச்சறுக்குப் பந்தயம் உலகப் பிரசித்தம். 3.3 கிலோமீட்டர் சரிவை 1997-ல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ரோபல் என்பவர் 1 நிமிடம் 51.58 விநாடியில் சறுக்கி முடித்தார். பந்தயம் ஜனவரியில்தான் நடக்கிறது. அந்த வார இறுதியில் ஊருக்குள் கால் வைக்க இடம் இராது. தேதியைப் பார்த்து விலகிக் கொள்ளுங்கள்.

அந்தப் பாதையில் பாதித் தூரம் நான்தான் ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. பிரேக்கை உதைக்கக் கூடாது. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினையே பிடிமானமாகக் கொள்ள வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு இடம் விட வேண்டும். பாலைப் பொங்கவிடாமல் காய்ச்சுகிற கை எதுவோ, அந்தக் கைக்குப் பனியில் கார் ஓட்டவும் வரும். சாலை ஓரத்தில் நெடுங்கம்புகளை நட்டிருக்கிறார்கள். எல்லாம் வெள்ளையாகிவிட்ட பிறகு, சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது அந்தக் கம்புகள்தான்.

இன்ஸ்பிரக் என்பது இன் நதியின்மேல் அமைந்த பாலம். அரசர் மாக்ஸிமிலியனுக்காக 1500-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த தங்கக் கூரை ஊர் நடுவே மின்னுகிறது. பொன்முலாம் பூசிய 2,657 செப்போடுகள்! கடைத்தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கூரைகளுக்குமேல் பனிமலை எட்டிப் பார்க்கிறது. நகரத்தின் நடுவிலேயே ரயிலேறி, பிறகு கம்பியில் தொங்கும் பெட்டிக்கு மாறி, அரை மணியில் 2,256 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். காரில் ஒரு வளைவுகூட ஏறாமல் மலையுச்சியைப் பார்த்துவிடலாம்.

இந்த ஊரில் 1964-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்ட குளிர்கால ஒலிம்பிக் அதுதான். நம் சார்பில் போனவர் ஜெரமி புஜாகோவ்ஸ்கி என்ற ஒரே வீரர். எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகு ஒரு தொல்லை வந்தது. அந்த வருஷம் பனியே பெய்யவில்லை! கடைசியில் ஆஸ்திரிய ராணுவம் 20,000 பனிக்கட்டிகளையும் 40,000 கன மீட்டர் பனியையும் மலைமேலிருந்து சுமந்து வந்து சரிவுகளில் பரப்பிற்று. ஓர் அரசாங்கமே போட்ட திட்டத்துக்குப் பனி இப்படிப் பதில் சொல்லியிருக்கும்போது, சாப்பாட்டு மேஜையில் போட்ட திட்டம் எம்மாத்திரம்?

எங்கள் திட்டத்துக்கும் பதில் வந்தது. இன்ஸ்பிரக்கிலிருந்து ஸாங்க்ட் ஆன்டன் வரை 100 கிலோமீட்டர். அதற்குமேல் ஆர்ல்பெர்க் கணவாயும் ஃபிளெக்ஸன் கணவாயும் ஏறி, அந்தப் பக்கத்திலுள்ள லெஹ் என்ற ஊரில் இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு. ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற நிபந்தனையோடு மலிவாகக் கிடைத்த அறைக்கு முன்பணம் கட்டியிருந்தோம். இது இரண்டாவது பிசகு. முதல் நாள் இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. ஸாங்க்ட் ஆன்டன் வந்து சேர்ந்தபோது, பனிச்சரிவு அபாயத்தினால் ஃபிளெக்ஸன் பாதை மூடியிருந்தது. வரைபடத்தில் லெஹ்ஹுக்கு வார்த் என்ற ஊர் வழியாக இன்னொரு சாலை தெரிந்தது. உள்ளூரில் விசாரித்தால், அதைக் குளிர்காலம் முழுவதுமே மூடி விடுவார்களாம். வரைபடம் கோடைகாலத்தில் வரைந்தது போலும்!

மூன்றரை மணி சுமாருக்குப் பாதையைச் சிறிது நேரம் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பனி மறுபடியும் விழ ஆரம்பித்திருந்தது. மேலே போகிற வண்டிகள் ஓரமாக நின்று சங்கிலி மாட்டின. என் கணவரும் எங்கள் சங்கிலியை வெளியே எடுத்தார். கால் மணி நேரம் அதோடு மல்லாடினார். சங்கிலி கைக்கு அகப்பட்டது, சக்கரத்துக்கு அகப்படவில்லை. "கட்டின பணமெல்லாம் போய்விடும். மெதுவாகப் போனால் போய்விடலாம்" என்றார். எனக்கு வேண்டாமென்று தோன்றிற்று. ஆனால் பணத்தை நினைத்து நானும் வாய் திறக்கவில்லை.

மாமியார் கார்க் கண்ணாடியை இறக்கினார். "கொள்ளிடத்துல வெள்ளம் வந்தா எங்க ஊர்ப் பரிசல்காரன் என்ன செய்வான் தெரியுமோ? துடுப்பைக் கரையில சாத்திட்டுப் போய்ப் படுத்துடுவான். அக்கரையில கல்யாணமே காத்திண்டிருந்தாலும் சரி. இது வெள்ளைக் கொள்ளிடம். இறங்குடா, காப்பி குடிக்கலாம்" என்றார்.

நாங்கள் தங்கிவிட்டோம். அன்றிரவே பாதையை மறுபடி மூடினார்கள். இரண்டு நாள் திறக்கவில்லை.

மூடிய பாதைக்கு அந்த ஊர்க்காரர்கள் ஏன் இத்தனை மரியாதை தருகிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள கால்ட்யூர் என்ற ஊரில், 1999 பிப்ரவரி 23 அன்று, பல நாள் பெய்த பனி மலையிலிருந்து சரிந்து ஊருக்குள்ளேயே புகுந்தது. 31 பேர் மாண்டார்கள். சாலை மூடியிருந்ததால் விடுமுறைக்கு வந்தவர்களை ஹெலிகாப்டர்களில்தான் வெளியேற்ற முடிந்தது. இன்று அந்த ஊரில் பனிச்சரிவைத் தடுக்கப் பெருஞ்சுவர் எழுப்பி, அந்தச் சுவரோடு ஒரு காட்சிசாலையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு, மறுநாளைய நிலவரத்தை முதல் நாள் மாலை ஐந்து மணிக்கே டிரோல் மாகாணத்தில் வெளியிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குமுன் அதைப் பார்ப்பது உங்கள் வழக்கமாகட்டும்.

ஸாங்க்ட் ஆன்டனில் சமையலறையோடு கூடிய சிறு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. மலையூர்களில் இத்தகைய வீடுகள் நிறைய உண்டு. சைவக்காரர்களுக்கு அவைதான் சௌகரியம். வெளியே சாப்பிட்டால், பாலாடைக்கட்டி சேர்த்த கேஸ்ஷ்பெட்ஸ்லே கிடைக்கும். முட்டை சேர்க்காததுதான் வேண்டுமென்றால் கேட்டுக் கொள்ளுங்கள். கெர்ம்க்னோடல் என்று ஒன்று வந்தது. ஆவியில் வெந்த பெரிய உருண்டை. உள்ளே பிளம் பழப் பாகு. மேலே உருக்கிய வெண்ணெயும் கசகசாவும். "நம்ம கொழுக்கட்டை இங்கே வந்து சதை போட்டிருக்கு" என்றார் மாமியார்.

போகாத லெஹ்ஹுக்குப் பதிலாக அந்த இரண்டு நாளும் எங்களுக்கு ஸாங்க்ட் ஆன்டன் கிடைத்தது. உலகத்துக்கே சறுக்கு வித்தையை முறையாகச் சொல்லிக் கொடுத்த ஹன்னெஸ் ஷ்னைடர் பள்ளி வைத்த ஊர் அது. முதல் பாடத்துக்குப் பெயர் 'பனிக்கலப்பை'. இரண்டு கட்டைகளின் முனைகளையும் முன்னால் சேர்த்து, பின்னால் அகட்டி, பனியை உழுவதுபோல் இறங்குவது. கலப்பையைக் கற்றுக்கொண்டால் நிற்கத் தெரிந்துவிடும். நிற்கத் தெரிந்த பிறகுதான் வேகம். எங்கள் பெண் பொங்கலன்று காலை பத்து முறை விழுந்து, பதினோராவது முறை தானே நின்றாள். வீட்டுக்கு வந்தபோது பால் பொங்கியிருந்தது. சூரியனைத்தான் காணோம்.

மூன்றாம் நாள் பாதை திறந்தது. லெஹ்ஹுக்குப் போக நேரமில்லை. காய்ந்த சாலையில், நல்ல வெயிலில், ஆர்ல்பெர்க் கணவாய் வரை மட்டும் ஏறிவிட்டுத் திரும்பினோம். அங்கே ஸாங்க்ட் கிறிஸ்டோஃப் என்ற இடத்தில் 1386-ல் ஒருவன் சத்திரம் கட்டினான். அவன் பெயர் ஹைன்ரிக் ஃபிண்டெல்கிண்ட். அனாதையாக எடுத்து வளர்க்கப்பட்டவன். கணவாயில் பனியில் அகப்பட்டு இறந்தவர்களைச் சுமந்து வருவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், தன் கூலிக் காசில் அந்த வேலையைத் தொடங்கினானாம். அவன் ஏற்படுத்திய சங்கம் இன்றும் கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவி வருகிறது. சத்திரம் கட்டுகிற புண்ணியம் நமக்குப் புதிதா, என்ன? மாமியார் அந்த வாசலில் நின்று கைகூப்பினார்.

ஆகவே, நீங்கள் திட்டம் போடும்போது ஊர்களின் பெயரை எழுதுமுன், ஒரு நாளைக் காலியாக விட்டு எழுதுங்கள். அதில் எந்த ஊரும் வேண்டாம். கணவாய்க்கு அப்பாலுள்ள அறையை, ரத்து செய்தால் பணம் திரும்பும்படியாகவே எடுங்கள். விமானத்துக்கு முந்தின இரவு மலைமேல் தங்காதீர்கள். திரும்பிவிடலாம் என்று காரில் யார் சொன்னாலும், மற்றவர்கள் ஏன் என்று கேட்காமல் ஒப்புக்கொள்வதென்று புறப்படும்போதே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.

லெஹ் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. கட்டிய பணம் போனது போனதுதான். என் கணவர் மட்டும் இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், நம் வீட்டுக் கார் சக்கரத்தில் கிணற்றுக் கயிற்றைச் சுற்றிச் சங்கிலி மாட்டப் பழகிக் கொண்டிருக்கிறார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்!